கூரையற்ற வண்டியும் அளவுகோலும்

ஒரு பொருள் முறியாது நிற்றல் வேறு. வளையாதும் முறுகாதும் நிற்றல் வேறு. முன்னையது வன்மை, பின்னையது விறைப்பு. நாணற்றட்டை பெருங்காற்றிலும் முறிவதில்லை. ஆயினும் அதனை விறைப்புடையதென்று எவரும் கூறார். சுண்ணாம்புக்கட்டி சிறிதும் வளையாது; ஆயினும் அதனை வன்மையுடையதென்று எவரும் கொள்ளார். இவ்வேற்றுமை மிக எளியதாகத் தோன்றினும், இதனை மறந்து உழைப்பையும் பொருளையும் வீணாக்குவோர் பலர். அவருள் ஒரு சாராரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் யாவரெனின், கூரையற்ற ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்துக்கொண்டு, அவற்றின் உடல் ஆட்டங்கொள்வது கண்டு, தம் வீட்டுப் பட்டறையிலேயே இரும்புக் குழாய்களையும் தகடுகளையும் அறுத்து இணைத்து அவற்றை இறுக்க முயல்வோர். இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இம்முயற்சி பெருவழக்காயுள்ளது. இஃது அறிவுடைய செயலா, வெறும் பொழுதுபோக்கா என்பது வினா. அளந்தறிந்து செய்யுமிடத்து இது சிறந்த கல்வியாம் என்பதும், அளவாது செய்யுமிடத்து வண்டிக்குச் சுமை கூட்டுதலன்றி வேறு பயன் விளையாதென்பதும் எம் கருத்து.

கூரையை நீக்கியவுடன் வண்டியின் உடல் தளர்வதேன் என்பதை முதற்கண் ஆராய்வோம். தீப்பெட்டியொன்றை எடுத்து, அதன் உள்தட்டை மாத்திரம் வெளியே இழுத்து, இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பார்க்க. அது விரல்களுக்கு எளிதில் இணங்கும். அதனை மீண்டும் உறையினுட் செலுத்தி முறுக்கிப் பார்க்க. முன்போல் இணங்காமையை உணரலாம். தட்டின் அட்டையும் முன்னிருந்ததே, விரல்களும் முன்னிருந்தனவே. வேற்றுமை யாதெனின், நாற்புறமும் மூடிய வடிவம் முறுக்கத்தை எதிர்த்து நிற்கின்றது. ஒருபுறம் திறந்த வடிவம் அவ்வாறு நிற்பதில்லை. கூரையுள்ள மோட்டார் வண்டி உறையுள்ள தீப்பெட்டி போல்வது. கூரையற்றது உள்தட்டு மாத்திரமே போல்வது.

மூங்கிலைக் கொண்டும் இதனை விளக்கலாம். முழு மூங்கிலை முறுக்குதல் அரிது. அதனையே ஒருபுறம் நெடுகக் கீறிவிட்டால் முறுக்குதல் எளிது. இதனைக் கணக்கால் தெளிவாக்கியவர் ஜெர்மானியப் பொறிவல்லுநரான ருடால்ப் பிரெட்ட் என்பார். மூடிய மெல்லிய குழாய்களின் முறுக்கத்தைப் பற்றிய அவரது சூத்திரம் 1896-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 50 மில்லிமீட்டர் குறுக்களவும் 1 மில்லிமீட்டர் தகட்டுக் கனமும் உடைய எஃகுக் குழாயொன்றை நெடுக ஒரு கோடாகக் கீறிவிட்டால், அதன் முறுக்க விறைப்பு ஏறக்குறைய 1,875-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரும்பில் ஒரு குன்றிமணி எடையும் குறைந்திலது. குறைந்தது வடிவத்தின் முழுமையே. வண்டியை இறுக்க முயல்வோர் இதனைத் தம் பட்டறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளத்தகும். எவ்வளவு இரும்பு சேர்த்தோம் என்பது பெரிதன்று; திறந்து கிடந்த எவ்வடிவத்தை மூடினோம் என்பதே பெரிது.

வண்டி செய்வோர் இவ்வுண்மையை அறியாதவரல்லர். அவர் கையாண்ட வழிகளைச் சற்று நோக்குவோம். முற்காலத்து வண்டிகளிற் சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டம் தனியாகவும், அதன்மேல் உடல் தனியாகவும் அமைந்தன. பின்னர் உடலும் சட்டமும் ஒன்றாகிய அமைப்பு வந்தது. 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.ஜி.பி. என்னும் ஆங்கிலேயத் திறந்த வண்டி இவ்வகையினது. அதில் கதவுகளின் கீழ் ஓடும் வாயிற்படிப் பெட்டிகளே உடலின் பெரும் பொறுப்பைத் தாங்குகின்றன. ஆதலின் அவ்வண்டியைப் புதுக்குவோர், துருவேறிய வாயிற்படியை வெட்டுமுன், கதவு நிற்கும் இடைவெளியிற் குறுக்கே கம்பியைப் பற்றவைத்துக்கொள்வர். அவ்வாறு செய்யாது வெட்டின், உடல் நடுவில் தொய்ந்து, பின்னர் எக்கதவும் பொருந்தாது போம்.

1970-ஆம் ஆண்டில் வந்த டிரயம்ப் ஸ்டாக் என்னும் வண்டியில், இருக்கைகளுக்குப் பின்னுள்ள வளைவையும் முன்கண்ணாடிச் சட்டத்தையும் இணைக்கும் ஓர் இரும்புப் பாலத்தைத் தலைக்குமேல் அமைத்தனர். 1967-ஆம் ஆண்டின் கமேரோ என்னும் அமெரிக்க வண்டியின் திறந்த வகையிலோ வேறொரு வழியைக் கையாண்டனர். உடலின் நான்கு மூலைகளிலும் பளுவை உள்ளடக்கிய உருளைகளைப் பொருத்தி, உடல் அதிரும்போது அப்பளுக்கள் எதிராக ஆடி அவ்வதிர்வை அடக்குமாறு செய்தனர். இது நோயைத் தீர்ப்பதன்று; நோயின் நடுக்கத்தை மறைப்பது. முன்னையது உடலை இறுக்கும் வழி. பின்னையது அதன் ஆட்டத்தை உணராமற் செய்யும் வழி. இரண்டும் தொழிற்சாலையினின்றே வந்தவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தொடக்கத்திலேயே கூரையின்றி எண்ணப்பட்ட வண்டிகளின் அமைப்பு இவற்றினும் வேறு. லோட்டஸ் நிறுவனத்தார் 1962-இல் வெளியிட்ட எலான் வண்டிக்குக் கண்ணாடி இழையாலாகிய உடலைச் செய்து, அதன் நடுவே எஃகுத் தகட்டாலாகிய முதுகெலும்பு போன்றதொரு பெட்டிச்சட்டத்தை வைத்தனர். அதே நிறுவனத்தார் 1996-இல் விற்கத் தொடங்கிய எலீஸ் வண்டியில், அலுமினியப் பெட்டிகளைப் பசையால் ஒட்டி, இருபுறத்தும் உயர்ந்த வாயிற்படிகளை அமைத்தனர். அவ்வண்டியில் ஏறுவோர் காலைத் தூக்கி அப்படியைத் தாண்டி அமரவேண்டும். ஏறும் எளிமையை விற்று விறைப்பை வாங்கினர் என்று கூறலாம். எவ்வண்டியிலும் இத்தகைய பண்டமாற்று ஒன்று உண்டு. விலையின்றி விறைப்பைப் பெற்றவர் எவரும் இலர்.

நிற்க. விறைப்புக் குறைவதால் வரும் தீங்கு யாது? வண்டி ஓடும்போதே இரண்டாய் முறிந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. அது வன்மையைப் பற்றியது. தீங்கு வேறு வகையாக வருகின்றது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறி நிற்குங்கால் கதவு திறவாது, அல்லது திறந்தது மூடாது. கரடுமுரடான பாதையில் முன்கண்ணாடிச் சட்டமும் ஸ்டியரிங் தண்டும் நடுங்குகின்றன. சக்கரம் தன் வில்லின்மேல் துள்ளும் அதிர்வு பெரும்பாலும் வினாடிக்கு 10 முதல் 15 முறை வரையில் நிகழும். உடல் முறுகியாடும் அதிர்வும் அதற்கு அணித்தாய் நின்றால் ஒன்றையொன்று தூண்டும். ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு இயையத் தள்ளுவதுபோல்வது இது.

வளைவுகளில் வண்டியைத் திருப்புங்காலத்து வரும் தீங்கு இன்னும் நுட்பமானது. முன்சக்கரங்களின் வில்லும் பின்சக்கரங்களின் வில்லும் வண்டியின் சாய்வை இவ்வளவு இவ்வளவாகப் பகிர்ந்துகொள்ளவேண்டுமென்று அமைப்போர் கணக்கிட்டிருப்பர். இடையிலுள்ள உடலே ஒரு வில்லாகி முறுகுமாயின், அக்கணக்கு நிறைவேறாது. வில்லை மாற்றினும் சாய்வு தடுக்கும் கம்பியைப் பருமனாக்கினும், அவற்றின் பயன் உடலின் முறுக்கத்தால் ஓரளவு விழுங்கப்பட்டுவிடும். ஆதலின் விலையுயர்ந்த வில்லும் ஷாக் அப்சார்பரும் வாங்குமுன் உடலை இறுக்குதல் முறையென்று அறிந்தோர் கூறுவது தக்கதே.

இனி, வீட்டுப் பட்டறையார் பெரிதும் கைவைக்கும் வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய மாஸ்டா நிறுவனத்தாரின் எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் திறந்த வண்டி 1989-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்துக் காட்சியில் முதன்முறையாக வைக்கப்பெற்றது. அவ்வகையில் பத்து லட்சமாவது வண்டி 2016-ஆம் ஆண்டில் செய்து முடிக்கப்பெற்றது. முதல் வண்டியின் எடை 1,000 கிலோவுக்கும் குறைவு. கியர் பெட்டியையும் பின்புறத்து டிபரன்ஷியலையும் அலுமினியச் சட்டமொன்றால் இணைத்தனர். இத்தகைய கருத்துடன் அமைத்தவரே, 1994-ஆம் ஆண்டு வகையில் எஞ்சினைப் பெரிதாக்கியபோது, இருக்கைகளுக்குப் பின்னே குறுக்குக் கம்பியொன்றும், முன்பின் துணைச்சட்டங்களுக்குக் கூடுதல் இணைப்புக்களும் சேர்த்தனர்.

இதனை யாம் வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. “தொழிற்சாலையிற் கற்றுத் தேர்ந்தோர் செய்த வண்டியில், வீட்டிலிருப்போன் கைவைப்பது அறியாமை” என்று கூறுவோர் உளர். கற்றுத் தேர்ந்தோரே தம் முதல் வண்டி போதாதென்று கண்டு ஐந்தாண்டுகளுட் கம்பி சேர்த்தனரே. அதற்கு அவர் என்ன விடை கூறுவர்? தொழிற்சாலையார் பல தலைவர்க்கு ஊழியஞ் செய்வோர். விலை, எடை, ஒரு வண்டியைப் பூட்டி முடிக்குங் காலம், பழுது பார்ப்போனின் எளிமை, மோதற் பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் அவர் ஒருங்கே நோக்கல் வேண்டும். ஆகவே அவர் நிறுத்திய இடம் அறிவின் எல்லையன்று. பல தேவைகள் சந்தித்த இடமே. தன் ஒரு வண்டிக்காகச் சனிக்கிழமைகளைச் செலவிடுவோனுக்கு அத்தேவைகள் யாவும் அவ்வாறே இருக்கவேண்டுமென்பதில்லை. அன்றியும், 1989-இல் செய்த வண்டி முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதன் அடியிலுள்ள மெல்லிய தகட்டுச் சட்டங்கள், ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்தமையாற் பல வண்டிகளில் நசுங்கியுள்ளன. அவற்றின்மேற் கனமான எஃகு வாய்க்காற் சட்டத்தைக் கவித்துப் பொருத்துதல் அவ்வண்டி வைத்திருப்போரிடையே பழகிய முறை. இதனைக் குறைகூற எமக்கு மனமில்லை.

ஆயினும், குறைகூறத்தக்க பகுதியும் உண்டு. வீட்டில் இறுக்குவோர் பலர் கண்ணுக்கு இனிய கம்பியை நாடுகின்றனர். கணக்குக்கு இசைந்ததை நாடுகின்றிலர். எஞ்சினுக்கு மேலே இருபுறத்துச் சக்கர மேடைகளையும் இணைக்கும் பளபளப்பான கம்பியை எடுத்துக்கொள்க. எஞ்சினுக்கு இடந்தரும் பொருட்டு அது நடுவில் வளைக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் ஒற்றைத் திருகாணியிற் கீல்போல் நிற்கும். நேரான கம்பி இழுப்பையும் அழுத்தத்தையும் தன் நீளம் முழுவதாலும் தாங்கும். வளைந்த கம்பியோ, அழுத்தும்போது இன்னும் வளையும்; இழுக்கும்போது நிமிரும். அது ஏறக்குறைய ஒரு வில்லே. அதனைப் பொருத்தியவர் தம் வண்டிக்கு மற்றுமொரு வில்லைச் சேர்த்தவராவர்.

கம்பியின் வடிவத்தைப் பற்றி ஒரு கணக்கைக் காட்டுவோம். 25 மில்லிமீட்டர் பக்கமும் 1.5 மில்லிமீட்டர் தகட்டுக் கனமும் உள்ள சதுர எஃகுக் குழாயின் வெட்டுப்பரப்பு 141 சதுர மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்தின் எடை ஏறக்குறைய 1.1 கிலோ. இதே எடையில் 47 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டை இரும்பையும் வாங்கலாம். இரண்டையும் ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, இரு முனைகளும் கீல்போல் நிற்குமாறு அமைத்து, முனையிலிருந்து முனைக்கு அழுத்துவோமாயின், பட்டை ஏறக்குறைய 21 கிலோ எடையிலேயே பக்கவாட்டில் நெளிந்துவிடும். குழாய் நெளிவதற்கோ 2,600 கிலோ அளவு வேண்டும். 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்னும் கணித மேதை இதற்கு வழிகாட்டிச் சென்றனர். நீளம் இருமடங்காயின் தாங்கும் அளவு நாலில் ஒன்றாகும் என்பதும் அவர் கணக்கே. ஆயின் பட்டை இரும்பு எங்கும் பயனற்றதோவெனின், அற்றன்று. குறுக்கும் மறுக்குமாக இரண்டு பட்டைகளை எக்ஸ் வடிவில் இட்டால், எப்புறம் முறுகினும் ஒன்று இழுபட்டு வேலை செய்யும், மற்றது ஓய்ந்திருக்கும். இன்ன இடத்தில் இழுப்பு, இன்ன இடத்தில் அழுத்தம் என்று அறிந்து செய்வோனுக்கு எவ்விரும்பும் பணிசெய்யும்.

இன்னொரு மயக்கம் உலோகத்தைப் பற்றியது. விலைமிக்க உயர்வன்மை எஃகை வாங்கிக் கம்பி செய்தால் வண்டி மேலும் விறைக்குமென்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. சாதாரண மென்னெஃகும் உயர்ந்த கலப்பெஃகும் விறைப்பில் ஏறக்குறைய ஒரே தன்மையன, வன்மையில்தான் வேறுபடுவன. அலுமினியத்தின் விறைப்போ எஃகினதில் மூன்றில் ஒரு பங்கே. வண்டிக்கு வேண்டுவது விறைப்பாதலின், கடைத்தெருவில் கிடைக்கும் மென்னெஃகுக் குழாயே போதும். தொடக்கத்தில் வன்மைக்கும் விறைப்புக்கும் வேற்றுமை கூறியது இதன் பொருட்டே.

எல்லாவற்றினும் மேலானது இணைப்பு. முற்கூறிய ஒரு மீட்டர்க் குழாயை 200 கிலோ எடையளவு இழுத்தால், அது நீள்வது ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டரே. ஆனால் போல்ட்டுக்கு இட்ட துளை அரை மில்லிமீட்டர் தளர்வாயிருந்து, போல்ட்டும் நன்கு இறுகாதிருந்தால், குழாய் நீள்வதைப்போல் ஏழு மடங்கு அசைவு அத்துளையிலேயே நிகழும். குழாயைப் பருமனாக்கி என்ன பயன்? மெல்லிய தகட்டில் நேரே துளையிட்டுக் கம்பியைப் பூட்டினால், கம்பி அசையாது. தகடு குழிந்து கொடுக்கும். ஆதலின் பின்புறம் அகன்ற தகடொன்றை வைத்துச் சுமையைப் பரப்புதல் வேண்டும். பெட்டிபோன்ற சட்டத்தின் ஊடே போல்ட்டைச் செலுத்துமிடத்து, உள்ளே ஒரு குழல்துண்டை வைத்தாலன்றிப் போல்ட்டை இறுக்க இறுக்கப் பெட்டி நசுங்கும். இவை எளிய செய்திகள். ஆயினும் வீட்டுப் பட்டறையின் வெற்றியும் தோல்வியும் இவற்றிலேயே அடங்கியுள்ளன.

அங்ஙனமாயின் எங்கே இறுக்குவது? இதற்கு எல்லா வண்டிக்கும் பொதுவான விடை இல்லை. அளந்தே அறிதல் வேண்டும். அளக்கும் முறை கடினமானதன்று. வண்டியின் பின்புறத்தை, வில் அமரும் இரண்டு இடங்களிலும் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. முன்புறத்தின் அத்தகைய இரண்டு இடங்களையும் குறுக்கு மரமொன்றிற் கட்டி, அம்மரத்தின் நடுவைக் கூரிய முட்டின்மேல் தராசுபோல் அமர்த்துக. நடுவிலிருந்து 2 மீட்டர் தொலைவில், அம்மரத்தின் நுனியில் 50 கிலோ எடையைத் தொங்கவிட்டால், ஏறக்குறைய 980 நியூட்டன் மீட்டர் முறுக்கம் உடலிற் செல்லும். உடலின் மேற் பின்சக்கரம், இருக்கையின் பின்புறம், முன்கண்ணாடியின் அடி, முன்சக்கரம் ஆகிய நான்கு இடங்களில், ஒவ்வொன்றும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் ஒரு மீட்டர் நீளுமாறு, நேரான கோல்களைக் கட்டுக. எடையைத் தொங்கவிடுமுன்னும் பின்னும் ஒவ்வொரு கோலின் நுனியும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதென்று அளந்து குறிக்க. பின்புறத்துக்கும் முன்புறத்துக்கும் இடையே 3.5 மில்லிமீட்டர் வேறுபாடு தோன்றினால், உடல் 0.2 பாகை முறுகியதாகும். எனவே விறைப்பு பாகைக்கு 4,900 நியூட்டன் மீட்டர் என்று கொள்ளலாம்.

இவ்வெண்ணினும் சிறந்தது, நான்கு அளவுகளையும் வரைபடத் தாளில் இட்டு இணைக்கும் கோடு. அக்கோடு பின்னிருந்து முன்னோக்கிச் சீராக ஏறினால் தளர்ச்சி எங்கும் ஒத்துளது. ஓரிடத்தில் மாத்திரம் செங்குத்தாக ஏறினால் அவ்விடமே நோயின் இடம். திறந்த வண்டிகளில் அது பெரும்பாலும் கதவுகளின் இடைவெளியில் இருக்கும். எடையை நீக்கியபின் கோல்கள் முன்னிருந்த இடத்துக்கு மீளாவிடின், ஏதோ ஓர் இணைப்பு நழுவுகின்றதென்று அறியலாம். ஹூக் என்பார் 1678-இல் வெளியிட்ட விதியை நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு கம்பியைக் கொண்டு கற்கின்றோம். அதே விதி ஒரு முழு வண்டியின்மேல் எழுதப்பட்டிருப்பதை இவ்விடத்தே கண்ணாரக் காணலாம்.

அளந்தபின் கம்பி சேர்க்க. ஒரே நாளில் ஐந்து கம்பி சேர்க்கற்க. ஒன்றைச் சேர்த்து மீண்டும் அளக்க. கியர் பெட்டி செல்லும் நடுக்கால்வாயின் அடிப்புறம் பல வண்டிகளில் திறந்து கிடக்கின்றது. அது கீறிய மூங்கிலை ஒப்பது. அதன் குறுக்கே உறுதியான தகடுகளைப் போல்ட்டாற் பூட்டினால், திறந்த வடிவம் ஓரளவு மூடிய வடிவமாகும். பழுது பார்க்கும்போது கழற்றவும் இயலும். புகைக்குழாயின் வெப்பம் வெளியேறவும் இடம் விடுதல் வேண்டும். இருக்கைகளின் பின்னுள்ள இரு தூண்களையும் ஒரு குறுக்குக் குழாயாலும், அதன் நடுவினின்று தரைக்கு இறங்கும் இரண்டு சாய்வுக் குழாய்களாலும் இணைத்தால் முக்கோணங்கள் தோன்றும். நாற்கோணச் சட்டம் மூலைகளிற் சாய்ந்து கொடுக்கும். முக்கோணம் பக்கம் நீளாமலோ குறுகாமலோ உருமாறாது. நம் ஊர்க் கொட்டகை வேய்வோர் மூலையிற் சாய்வுக்கழி வைத்துக் கட்டுவதும் இதனை உணர்ந்தேயாம்.

“ஓட்டிப் பார்த்தாலே தெரியுமே, அளவுகோல் எதற்கு?” என்பார்க்கு ஒரு சொல். பத்து நாள் முழங்கால் தேயத் தரையிற் கிடந்து கம்பி பூட்டியவனுக்கு, வண்டி முன்னினும் நன்றாகவே தோன்றும். தன் உழைப்பைத் தானே பழிக்க எவன் மனமும் ஒருப்படாது. அன்றியும் அன்று காற்றுச் சற்றுக் குறைந்த டயரும், புதிதாக இட்ட பாதையும் அவன் கருத்தை மாற்றப் போதும். அளவுகோலுக்கோ அவன் பட்ட பாடு தெரியாது. ஆதலின் அது பொய் கூறாது. ஒரு கம்பி பயனற்றதென்று அளவுகோல் கூறினால், அதனைக் கழற்றி எறிதல் வேண்டும். இவ்வாறு கழற்றுவதற்கு வேண்டும் நெஞ்சுறுதி, கம்பி பூட்டுவதற்கு வேண்டும் கைத்திறனினும் அரியது. கூரையற்ற சிறு வண்டியின் அழகு அதன் இலேசில் உள்ளது. பயனற்ற ஒவ்வொரு கிலோவும் அவ்வழகைத் திருடுவது.

இனி, உயிரைப் பற்றியவற்றிற் சில கூறவேண்டும். வண்டியின் முன்பகுதியும் பின்பகுதியும் மோதலில் நசுங்கி, அடியின் வேகத்தைத் தாம் ஏற்று, அமர்ந்திருப்போரைக் காக்குமாறு அமைக்கப்பட்டவை. அவற்றை அசையாத குழாய்களால் உட்பகுதியோடு பிணைப்பின், அவ்வேகம் அமர்ந்திருப்போரையே சென்று தாக்கும். ஆதலின் வீட்டார் செய்யும் இறுக்கம் நடுப்பகுதியோடு நிற்றல் நன்று. பெட்ரோல் கலமும் குழாய்களும் உள்ள இடத்தருகே பற்றவைத்தல் ஆகாது. இருக்கைவார் பூட்டிய இடங்களிற் கைவைத்தல் ஆகாது. தலைக்கருகே செல்லும் இரும்பைப் பஞ்சணையின்றி விடுதல் ஆகாது. விறைப்புக்காக இட்ட மெல்லிய வளைவை, வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்குமென்று நம்புதல் பெருங்கேடு. துளையிட்ட விளிம்பை வண்ணம் பூசாது விட்டால் அவ்விடமே துருவின் வாயிலாகும்.

துருவைப் பற்றியும் ஒரு சொல். வாயிற்படி உள்ளே அரித்துப்போன பழைய வண்டிக்கு மேலே கம்பி பூட்டுதல், புரையோடிய புண்ணின்மேற் பட்டுடுத்துவதை ஒக்கும். முதற்கண் அரிப்பை அகற்றிப் பழைய உடலை அதன் இயல்பான நிலைக்குக் கொணர்தல் வேண்டும். பல பழைய வண்டிகளுக்கு அதுவே போதிய மருந்தாம். அதன் பின்னரே கூடுதற் கம்பியைப் பற்றி எண்ணுதல் முறை.

சட்டத்தையும் மறத்தலாகாது. நம் நாட்டில், பதிவுச்சீட்டிற் கண்ட விவரங்கள் செய்தோர் குறித்தவற்றினின்று மாறுபடும் வண்ணம் வண்டியை மாற்றலாகாதென்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கின்றது. போல்ட்டால் பூட்டிக் கழற்றத்தகும் சிறு கம்பிக்கும், உடலை வெட்டி ஒட்டும் பெருமாற்றத்துக்கும் வேற்றுமை உண்டு. எந்நாட்டாராயினும் தம் நாட்டுச் சட்டத்தை முன்னரே உசாவியறிந்து தொடங்குதல் கடன். தன் வண்டி தன் உடைமையேயாயினும், அது ஓடும் பாதை அனைவர்க்கும் உரியது.

இச்செய்தியைக் கல்லூரிப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று நேயர் சிலர் வினவக்கூடும். நம் மாணவருள் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் எத்தனை பேர்? யாம் வண்டியைக் கருதி எழுதினோமல்லம். நம்மிடையே இருவகைக் குறை நெடுங்காலமாய் உள்ளது. கற்றோர் கையிற் கரிபடுவதை இழிவென்று எண்ணுகின்றனர். கைத்தொழிலாளர் கணக்கைத் தமக்கு உரியதன்றென்று ஒதுக்குகின்றனர். தேர்வுத்தாளில் முறுக்கக் கணக்கைப் பிழையின்றிப் போடும் மாணவன், தன் அறையிலுள்ள நாற்காலி ஆடுவதேனென்று அறியான். அந்நாற்காலியை ஒரு சாய்வுக்கட்டையால் நொடியில் நிறுத்தும் தச்சர், தாம் அறிந்தது ஒரு விதி என்பதை அறியார். வீட்டுப் பட்டறையில் வண்டியை அளந்து இறுக்குவோன் இவ்விருவரையும் தன்னிடத்தே ஒன்றாக்குகின்றான். அவன் கை, தான் செய்ததை அளவுகோலின்முன் நிறுத்துகின்றது; அவன் அறிவு, தான் கணக்கிட்டதைத் தன் கையாலேயே செய்து பார்க்கின்றது.

ஆதலின் மாணவ நேயர்காள்! வண்டி இல்லாதார் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்க. மூடியின்றி முறுக்கி அளக்க. குறுக்கே நூலை எக்ஸ் வடிவில் இழுத்து ஒட்டி அளக்க. மூடியை ஒட்டியபின் அளக்க. மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதுக. அத்தாளை வைத்துக்கொண்டு, ஆடும் பெஞ்சையும், தொய்ந்த கதவையும், சாய்ந்த கொட்டகையையும் நோக்குக. இரும்பும் மரமும் எவ்விடத்திற் குறைந்துள்ளன என்று தேடற்க. எவ்வடிவம் திறந்து கிடக்கின்றது, எவ்விணைப்பு நழுவுகின்றது என்று தேடுக. தேடிக் கண்டதைத் திருத்துக. திருத்தியதை மீண்டும் அளக்க.